புழு முட்டை போடாது: மாடித்தோட்டம் தொடங்குபவர்களுக்குப் புழுக்களையும் ஒட்டுண்ணிகளையும் பற்றி

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறேன். தோட்டம் தொடங்கிய முதல் வருடம், தை மாதத்தில், அதன் நுனிக் கிளையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலும் பக்கத்து இலையிலும் குருணை அரிசியை ஒட்டிவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாக இருபது முப்பது இருக்கும். கீழ் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, புழு முட்டை போட்டிருக்கு, சீக்கிரம் எடுத்துப் போடுங்க, செடி பூரா பரவிடும்" என்றாள். நானும் பதறிப்போய்க் கிளையோடு வெட்டி, பையில் இறுக்கிக் கட்டி, குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

புழு முட்டை போடாது. அது குழந்தைப் பருவம். வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ வெளியே வந்த பிறகுதான் முட்டையிடும். நான் கட்டிப் போட்ட வெள்ளைக் குருணைகள் சின்னஞ்சிறு குளவிகளின் கூடுகள். அந்தக் குளவிகள் அந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டியிருந்தன. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பறந்துபோய் அடுத்தடுத்த புழுக்களைத் தேடியிருக்கும். என் செடிக்குச் சம்பளமில்லாமல் காவல் பார்க்க வந்தவர்களை நானே அனுப்பிவிட்டேன். புதிதாகச் செடி வைக்கிறவர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மண்கூடு கட்டும் குளவி ஒரு புழுவை உள்ளே கொண்டுபோய் அடைக்கும். சில நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். பார்த்தவர்கள் புழுதான் குளவியாகிவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை. உண்மையில் புழு கொட்டப்பட்டு மரத்துப்போய்க் கிடக்கும். கூட்டுக்குள் குளவி இட்ட முட்டை பொரிந்து, அந்தக் குஞ்சு புழுவைத் தின்று வளரும். நான் சொல்லப்போகும் ஒட்டுண்ணிக் குளவிகள் இன்னும் ஒரு படி மேலே. அவை கூடு கட்டி இரை சேர்ப்பதில்லை. நடமாடும் புழுவின் உடம்பையே கூடாக்கிக்கொள்கின்றன.

முதலில், யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

காலையில் தண்ணீர் ஊற்றும்போது பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். இலையின் மேல்பக்கத்தைப் பார்த்தால் போதாது, திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கடுகு சிந்தியதுபோல எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே புழு இருக்கிறது என்று அர்த்தம்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில் வருவது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது காக்காய் எச்சம்போலவே இருக்கும். பெரிதானதும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு உறுப்பை நீட்டி, ஒரு நெடியை விடும். அது கடிக்காது.

தக்காளிக் காய்க்குள் தலையை விட்டுக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்கினால் அது பச்சைக் காய்ப்புழு. வெண்டைக்காயில் ஓட்டையும் எச்சமும் இருந்தால் காய்த்துளைப்பான். கத்தரிச் செடியில் மற்ற இலையெல்லாம் நன்றாக இருக்க, ஒரு நுனி மட்டும் தண்ணீர் இல்லாததுபோலத் துவண்டிருந்தால் தண்டுக்குள் புழு புகுந்திருக்கிறது. புடலை, பீர்க்கன் இலை மடிந்து, உள்ளே முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பச்சைப் புழு இருந்தால் அது பூசணி வகைச் செடிகளுக்கே உரிய இலைப்புழு. கீரையில் இலைகளை நூலால் பிணைத்து உள்ளே இருப்பது பிணைப்புழு.

புதியவர்களை அதிகம் அழவைப்பது புரோடீனியா. புகையிலை வெட்டுப்புழு என்றும் சொல்வார்கள். இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, அதன் மேல் தன் உடம்பின் பழுப்பு மயிரைப் போர்த்திவிடும். இலைக்கு அடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கும். குஞ்சுகள் முதலில் ஒரே இலையில் கூட்டமாகச் சுரண்டும். இலை சல்லடைபோல ஆகிவிடும். வளர்ந்த பிறகு பகலில் தொட்டி மண்ணிலும் சருகிலும் பதுங்கி, ராத்திரி வந்து மேயும். காலையில் பார்த்தால் செடி மொட்டையாக இருக்கும், புழு ஒன்றும் கண்ணில் படாது. அப்படியானால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செல்போன் டார்ச்சோடு மாடிக்குப் போங்கள்.

அடுத்து, அந்தப் புழுவுக்கு ஏற்கெனவே கணக்கு முடிந்துவிட்டதா என்று பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எல்லாமே இங்கேதான் இருக்கிறது.

புழுவின் மேலோ பக்கத்திலோ வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறத்தில், பட்டு நூல் சுற்றிய குருணைகள் இருந்தால் அவை பிரக்கானிட் வகைக் குளவியின் கூடுகள். தாய்க்குளவி 3 மி.மீ. அளவுதான், கொசுவைவிடச் சிறியது. புழுவுக்குள் முட்டையிடும்போது கூடவே ஒரு வைரஸையும் செலுத்திவிடும். அது புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிப்போடும். அப்படிச் செலுத்தாவிட்டால் புழுவின் உடம்பு அந்த முட்டைகளைச் சுற்றிவளைத்துக் கொன்றுவிடும். உள்ளே வளரும் குஞ்சுகள் உயிர்போகாத அளவுக்கே தின்று, கடைசியில்தான் தோலைத் துளைத்து வெளியே வரும். அதற்குப் பிறகு அந்தப் புழு இலையைத் தொடாது. எனவே அந்தக் கிளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

தலைக்குப் பின்னால், கழுத்துப் பக்கம், வெள்ளையாக ஒன்றிரண்டு முட்டைகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது டாக்கினிட் ஈயின் வேலை. இந்த ஈ வீட்டு ஈபோலத்தான் இருக்கும், ஆனால் பின்பக்கம் முள்முள்ளாக மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டை பொரிந்ததும் குஞ்சு நேரே புழுவுக்குள் துளைத்துப் போய்விடும். பிறகு செத்த புழுவுக்குப் பக்கத்தில் செம்பழுப்பாக, உருண்டையும் நீளமுமாக ஒரு மாத்திரை கிடக்கும். எலிப் புழுக்கை என்று நினைத்துப் பெருக்கிவிடாதீர்கள். அது ஈயின் கூட்டுப்புழு. (பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இந்த இனத்து ஊசி ஈ பெரிய எதிரி. நமக்கு நண்பன், அவர்களுக்கு நஷ்டம்.)

தக்காளிச் செடியில், தோலாக வற்றிப்போன சின்னப் புழுவின் அருகே சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட ஒரு கூடு ஒட்டியிருந்தால் அது காய்ப்புழுவைத் தாக்கும் கேம்போலெட்டிஸ் குளவி. புழு காய்க்குள் புகும் வயதுக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடும் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்தது.

உடம்பை வளைத்து வளைத்து நடக்கும் காவடிப்புழு சில சமயம் வெளிறி, உப்பி, உள்ளே அரிசியை அடைத்ததுபோல முண்டுமுண்டாகக் கிடக்கும். இதைச் செய்யும் கோபிடோசோமா குளவி புழு வருவதற்கு முன்பே, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அந்த ஒரு முட்டை பிரிந்து பிரிந்து ஆயிரத்துக்கும் மேல் குளவிகளாகும். ஒரு புழுவிலிருந்து அத்தனை குளவிகள். இயற்கையில் நான் படித்தவற்றில் இதைவிட ஆச்சரியமானது எதுவுமில்லை.

கூட்டுப்புழுவையும் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி வெளியே வந்திருந்தால் கூடு நீளவாக்கில் வெடித்திருக்கும். ஊசியால் குத்தியதுபோல வட்டமான ஓட்டை இருந்தால் உள்ளே வளர்ந்தது ஒட்டுண்ணி. கறுப்பு உடம்பும் தடித்த பின்தொடையில் மஞ்சளுமாக ஒரு குளவி செடியில் உட்கார்ந்திருந்தால், அது கூட்டுப்புழுவைத் தேடும் பிராக்கிமேரியா.

கடைசியாக முட்டைகள். டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி அரை மி.மீ.தான், கண்ணுக்குத் தூசிபோலத் தெரியும். அது தாக்கிய முட்டை முழுக்கக் கறுத்துவிடும். நல்ல முட்டையும் பொரிவதற்கு முன் கறுக்கும், ஆனால் அதில் குஞ்சின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் பழகிவிடும்.

இதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொள்ள என் மாடி எனக்குப் போதவில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் தண்டவாள ஓரத்திலும் காலி மனைகளிலும் ஆமணக்கு தானாக முளைத்து நிற்கும். அதில் ஆமணக்கு காவடிப்புழு வரும் காலத்தில் பாருங்கள்: பின்பக்கத்தில் பழுப்பாக ஒரு கூடு ஒட்டிக்கொண்ட புழுக்கள் கிடைக்கும். மைக்ரோப்ளிட்டிஸ் என்ற குளவியின் கூடு அது. மருந்தே படாத செடி என்பதால் ஒட்டுண்ணிகள் அங்கே தாராளமாக இருக்கும். தண்டவாளத்தின் மேல் போகாமல் ஓரமாக நின்று பாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஆமணக்கு விதையை வாயில் வைக்க விடாதீர்கள், அது விஷம்.

சந்தேகமாக இருந்தால் பாட்டிலில் வைத்துப் பாருங்கள்

அகலமான வாயுள்ள ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் போதும். அடியில் டிஷ்யூ காகிதம், அதன் மேல் புழுவும் அது தின்றுகொண்டிருந்த அதே செடியின் இலையும். வாயை மெல்லிய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். தினமும் எச்சத்தைக் கொட்டி, புது இலை வையுங்கள். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடித்து எல்லாமே செத்துப்போகும். வெயில் படாத இடத்தில் வையுங்கள், நம் ஊர் மாடி வெயிலில் பாட்டில் அடுப்பாகிவிடும். பத்துப் பதினைந்து நாளில் யார் வெளியே வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். குளவியோ டாக்கினிட் ஈயோ வந்தால் காலை நேரத்தில் செடிக்குப் பக்கத்தில் திறந்துவிடுங்கள்.

இந்தச் சின்னக் குளவிகள் நம்மைக் கொட்டாது. ராத்திரி டியூப் லைட்டுக்கு வரும் ஆரஞ்சுப் பழுப்பு நிறத்து நீளக் குளவியில் சில வகை மட்டும் கையில் பிடித்தால் குத்தும். பிடிக்காமல் இருந்தால் சரி.

உயிரோடு இருக்கும் புழுவை உள்ளிருந்து தின்பது கொடுமை இல்லையா என்று என் மகள் கேட்டாள். டார்வினுக்கே அது உறுத்தியிருக்கிறது. 1860இல் ஏசா கிரே என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில், புழுவின் உடம்புக்குள் மேயவென்றே கருணையுள்ள கடவுள் இந்தக் குளவிகளைப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். மகளுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அவளுக்குப் பாட்டிலைக் காட்டினேன்.

எதைக் கையால் எடுப்பது, எதை விடுவது

எல்லாப் புழுவையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஒட்டுண்ணி ஏறிய புழுவும் சில நாள் தின்னத்தான் செய்யும். ஐந்து தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சில நாளே பெரிய நஷ்டம்.

புரோடீனியாவின் மயிர் போர்த்திய முட்டைக் குவியலைக் கண்டால் இலையோடு கிள்ளிவிடுங்கள். அந்த மயிர்ப் போர்வை டிரைக்கோகிரம்மாவைத் தடுத்துவிடும் என்பதால் இதில் காத்திருந்து பயனில்லை. டெலினோமஸ் என்ற இன்னொரு முட்டை ஒட்டுண்ணியால் உள்ளே புக முடியும். அதற்கும் ஒரு வழி விடலாம். கிள்ளிய இலையை வலைத்துணி கட்டிய டப்பாவில் போட்டு, டப்பாவைச் சோப்புத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் ஊர்ந்து வந்து தண்ணீரில் விழும். முட்டைக்குள் குளவி இருந்தால் வலை வழியே பறந்துவிடும். கத்தரியில் துவண்ட நுனியை ஒரு விரல் கீழே வெட்டி நசுக்கிவிடுங்கள். ஓட்டை விழுந்த வெண்டை, தக்காளியைச் செடியிலோ தொட்டியிலோ விட்டுவைக்காதீர்கள்.

கறிவேப்பிலை பெரிய செடியாக இருந்தால் இரண்டு மூன்று புழுவை விட்டுவிடலாம். இலை மறுபடி துளிர்த்துவிடும். ஒட்டுண்ணிக்கும் தங்க ஓர் இடம் வேண்டும். புழுவே இல்லாத மாடியில் குளவியும் தங்காது. கன்றாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முருங்கையில் வரும் கம்பளிப்பூச்சிக்கு மட்டும் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும். நம் பகுதியில் ஒரு முருங்கையின் கீழே நான்கு குடித்தனம் துணி காயவைக்கும், பிள்ளைகள் விளையாடும். சுணை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளுங்கள். தீப்பந்தம் வேண்டாம், மரப்பட்டை கருகும், பக்கத்தில் வயர் போகும். சுணை குத்திவிட்டால் தேய்க்காமல், செல்லோடேப்பை ஒட்டி எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்து தெளிக்கும் முன்

அந்தக் கறிவேப்பிலைக் கிளையை எறிந்த அதே வருடம் ஒரு உரக்கடையில் "ஒரே அடியில் எல்லாம் போயிடும்மா" என்று ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். அடித்தேன். உண்மையாகவே எல்லாம் போனது. பொறிவண்டு, சிலந்தி, குளவி எல்லாமே. மூன்று வாரத்தில் புழு மட்டும் திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. ஒட்டுண்ணி எண்ணிக்கையில் குறைவு, மருந்தைத் தாங்கும் சக்தியும் குறைவு. புழு சீக்கிரம் பெருகிவிடும், அதன் எதிரி பின்னாலேயேதான் வர முடியும். சமையலுக்குப் பறிக்கும் செடிக்கு அந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி., கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. இல்லாவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இலையைத் தின்னும் புழுவைத்தான் வேம்பு முக்கியமாகப் பாதிக்கும். பறக்கும் குளவிக்குக் கெடுதல் குறைவு. சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, தின்னப்பட்ட செடிக்கு மட்டும் அடியுங்கள். மாடி முழுக்க அடிக்காதீர்கள். 3ஜி கரைசல் என்று இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து அடிப்பவர்களும் இப்படியே செய்யலாம்.

பி.டி. என்று கடையில் கிடைக்கும் பாக்டீரியா மருந்தும் புழு தின்றால்தான் வேலை செய்யும். வளர்ந்த குளவியை ஒன்றும் செய்யாது. ஆனால் புழு செத்தால் அதன் உள்ளே இருக்கும் குளவிக் குஞ்சும் சாகும். ஆகவே கூடு ஒட்டிய புழுக்கள் நிறையத் தெரிகிற வாரத்தில் எதையும் தெளிக்காமல் பொறுத்திருங்கள்.

ஒட்டுண்ணியால் இவ்வளவு முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெளுத்து வாங்கியது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. அது புழு இல்லைதான், ஆனால் முறை இதேதான்.

குளவிக்குச் சோறு போடுங்கள்

வளர்ந்த குளவி புழுவைத் தின்று வாழ்வதில்லை. அதற்குத் தேன் வேண்டும். வாய் சின்னது என்பதால் செம்பருத்தி, ரோஜா உதவாது. பொடிப் பூக்கள் வேண்டும். சமையலறைக் கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து ஒரு தட்டையான தொட்டியில் தூவி, இலை பறிக்காமல் பூக்க விடுங்கள். சோம்பு, கடுகு, துளசியும் அப்படியே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தூவினால் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும். நம் பக்கம் கடற்காற்று பலமாக அடிக்கும், பொடிக் குளவியால் அதில் நிற்க முடியாது. பூத்தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், காற்று மறைவில் வையுங்கள். எறும்பு ஏறினால் அது குளவியை முட்டையிட விடாமல் விரட்டும். தொட்டியை ஒரு தண்ணீர்த் தட்டில் கல்லின் மேல் தூக்கி வைத்தால் எறும்பு ஏறாது. கொசு வராமல் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அரிசி அந்துப்பூச்சி முட்டையில் வளர்த்து அட்டையில் ஒட்டித் தருவார்கள், ஒரு சி.சி. அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டை இருக்கும். கரும்புக் காட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. இருபது தொட்டிக்கு என் கருத்தில் வேண்டாம். பொரிந்த குளவிகளைக் காற்று கொண்டுபோய்விடும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீட்டில் நாலைந்து தென்னை வைத்திருந்து, மட்டை கருந்தலைப்புழுவால் காய்ந்தால் அது வேறு விஷயம். அதற்கென்றே வளர்த்துத் தரும் ஒட்டுண்ணிகள் உண்டு, வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மழைக்குப் பிறகு

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து செடி தளதளவென்று வரும்போதுதான் புழுவும் வரும். மார்கழி, தை இரண்டு மாதமும் காலைப் பார்வையைத் தவறவிடாதீர்கள். புழு முதலில் வரும், ஒட்டுண்ணி இரண்டு மூன்று வாரம் கழித்து வரும். அந்த இடைவெளியில்தான் கை பதறும். அப்போது கையால் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு செடியின் ஆயுள் முடிந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறி ஒரு நாள் வெயிலில் போடுங்கள். புரோடீனியாவும் காய்ப்புழுவும் மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். மைனாவும் காக்காயும் பொறுக்கிக்கொள்ளும்.

போன தை மாதம் அதே கறிவேப்பிலையில் வெள்ளைக் கூடுகளோடு ஒரு புழு இருந்தது. கீழ் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டி, காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தேன், யாரும் தெரியாமல் பறித்துவிடக் கூடாது என்று. நீங்களும் அப்படி ஒரு நூல் கட்டிவிடுங்கள். ஆறாவது நாள் காலையில் கூடுகளின் நுனி மூடி திறந்ததுபோலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.